விருந்துக்கு முன்னால் ஒரு வாய்: வெள்ளைப் பணியாரமா, கோலாவா, சீயமா?

இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லி அழைத்தால், எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் ஆறரைக்கே முகப்பில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். சொந்தபந்தம் சீக்கிரம் வருவது நல்ல விஷயம்தான், ஆனால் வந்தவர்களை வெறும் காப்பியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார வைக்க முடியாது, இலையையும் அப்போதே போட முடியாது. நடுவில் ஒரு வாய் பலகாரம் வேண்டும். அது பார்க்க அழகாக இருக்க வேண்டும், கையில் எடுத்து இரண்டு கடியில் முடிய வேண்டும், பட்டுப்புடவையில் சிந்தக் கூடாது, பின்னால் வரப்போகிற சாப்பாட்டுக்கு வயிற்றை அடைத்துவிடவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்காரி அடுப்படியிலேயே வெந்துகொண்டிருக்காமல் வந்தவர்களை வாங்க என்று கேட்கிற நிலைமையில் இருக்க வேண்டும்.

ஹோட்டல்காரர்கள் இதை ஸ்டார்ட்டர் என்கிறார்கள். நம் சாப்பாட்டில் அப்படி ஒரு வரிசை கிடையாது. இலை போட்டால் இனிப்பு, கூட்டு, பொரியல், வறுவல் எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிடும். அதனால் பலபேர் ஸ்டார்ட்டர் என்றதும் பனீர் டிக்கா, கோபி 65, குச்சியில் குத்திய அன்னாசிப்பழம் என்று வெளியே தேடப் போகிறார்கள். ஆனால் செட்டிநாட்டு வீடுகளில் இடைப்பலகாரம் என்று ஒன்று எப்போதும் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் கொடுக்கிற அந்தப் பலகாரத்தையே கொஞ்சம் சின்னதாக்கினால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். இதற்காக வேறு ஊர்ச் சமையலிடம் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

எதைச் செய்வது என்பதுதான் கேள்வி. போன மூன்று நான்கு வருஷங்களில் வீட்டில் நடந்த பிறந்தநாள், நிச்சயம், புதுவீடு போன்ற கூட்டங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன், எல்லாம் 20 முதல் 30 பேர் வரை வந்த கூட்டங்கள். அதில் எனக்குத் தெளிவான ஒரு விஷயம்: ஒரு பலகாரம் சிரமமா சுலபமா என்பதை மொத்த வேலையை வைத்து அளக்கக் கூடாது. முதல் நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து செய்கிற வேலை ஒரு சிரமமே இல்லை, ஏனென்றால் அப்போது யாரும் வந்து நிற்கவில்லை. ஆட்கள் வர ஆரம்பிக்கிற அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் அது நம்மிடம் எவ்வளவு வேலை கேட்கிறது என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது, எல்லோரும் முதலில் நினைக்கிற குழிப்பணியாரம். எனக்கு அது உயிர். கடுகு, உளுந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிய புளித்த மாவு, வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. எண்ணெயும் குறைவு. ஆனால் வீட்டில் இருக்கிற சட்டியில் ஏழு குழிதான். 25 பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் 75 பணியாரம், அதாவது 11 ஈடு. ஓர் ஈட்டுக்கு எண்ணெய் விட்டு, மாவு ஊற்றி, மூடி, திருப்பி, எடுக்க ஐந்தாறு நிமிஷம். ஒரு மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது. முன்கூட்டியே சுட்டு வைத்தாலோ அரைமணியில் அந்த மொறுமொறுப்பு போய் இட்லி மாதிரி ஆகிவிடும். போதாததற்கு மாவு புளிக்க வேண்டும், மார்கழிக் குளிரில் அது நம் நேரத்துக்குப் புளிப்பதில்லை. இரண்டு சட்டி, இரண்டு அடுப்பு, கூட ஒரு ஆள் இருந்தால் சரி. இல்லாவிட்டால் குழிப்பணியாரத்தை மறுநாள் காலை ஆகாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாழைப்பூ வடையும் எனக்கு இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு பூவாகக் கள்ளன் எடுத்து, நறுக்கி, கறுக்காமல் மோர்த் தண்ணீரில் போடுகிற வேலையை முதல் நாளே முடித்துவிடலாம், அது தொந்தரவில்லை. ஆனால் கடலைப்பருப்பு வடை கனமானது. இரண்டு தின்றவர் இலையில் உட்கார்ந்ததும் சோற்றைப் பாதியில் நிறுத்துவார். அப்புறம், உப்பும் வெங்காயமும் சேர்ந்த மாவு நேரம் ஆக ஆகத் தண்ணீர் விட்டுக்கொள்ளும், பிசைந்ததும் தட்டிப் போட்டாக வேண்டும்.

கடைசி அரைமணியில் வேலையே இல்லாத பலகாரம் எது என்று கேட்டால் தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் இந்த மூன்றும்தான். நான்கைந்து நாள் முன்னாலேயே சுட்டு டின்னில் அடைத்துவிடலாம், செய்ய முடியாதவர்கள் ஊரில் இருக்கிற பலகாரக் கடைகளில் சொல்லியும் வாங்கிக்கொள்ளலாம். சீப்புச்சீடை பார்க்கவும் அழகு. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவை வரிவரியாகப் பிழிந்து, துண்டு போட்டு, விரலில் சுற்றி ஒட்டிய அந்தச் சின்னக் குழலை வெளியூர்க்காரர்கள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு குறை இருக்கிறது, அது சின்னக் குறை இல்லை. சூடு கிடையாது. வந்தவருக்குச் சூடாக ஒன்று கொடுப்பதில்தான் நமக்காகச் செய்திருக்கிறார்கள் என்கிற உணர்வு வருகிறது. டின்னிலிருந்து எடுத்து வைத்ததில் அது வராது. ஆகவே இதைத் துணைக்கு வைக்கலாம், முக்கியமாக வைக்க முடியாது.

சரி, மிச்சம் இருப்பவை மூன்று. வெள்ளைப் பணியாரம், கோலா உருண்டை, மசாலா சீயம். உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

அழகு என்று பார்த்தால் வெள்ளைப் பணியாரத்துக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. செட்டிநாட்டுப் பலகாரங்களிலேயே நாகரிகமானது அதுதான் என்பேன். மாவு என்று பார்த்தால் பச்சரிசியும் உளுந்தும் மட்டும்தான். என் அப்பத்தா சொல்லிக் கொடுத்த அளவு இது: பச்சரிசியைப் படியில் தலைதட்டி அளந்து, அதே படியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும், சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பு, துளி சர்க்கரை, கொஞ்சம் பால் சேர்த்துக் கரைத்து, ஒரு குழிக்கரண்டி எடுத்துக் காய்ந்த எண்ணெயின் நடுவில் ஊற்றினால் அது அடியில் போய்ப் பரவி, மெதுவாக மேலே எழும்பி, ஓரம் பூப்போல விரிந்து நிற்கும். திருப்பிவிட்டு, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். தட்டில் அடுக்கினால் மல்லிகைப்பூ நிறம். பக்கத்தில் சிவப்பாக வரமிளகாய்த் துவையல்.

ஆனால் இந்தப் பலகாரம் கூட்டத்துக்கு ஒத்துவராது. எண்ணெயில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஊற்ற முடியும். அந்த ஒன்றுக்கும் கண் எடுக்காமல் நிற்க வேண்டும். மாவு சற்றுக் கெட்டியாக இருந்தால் போண்டா மாதிரி உப்பிக்கொள்ளும், நீர்த்தால் தட்டையாகப் பரவிவிடும், உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், ஏற்கனவே பொரித்த எண்ணெய் என்றால் வெள்ளை நிறமே வராது. 25 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்று 50 சுட, நிமிஷத்துக்கு ஒன்று என்று விடாமல் சுட்டாலும் 50 நிமிஷம். இதில் இன்னொரு சிக்கல், கரண்டியை வேறு யாரிடமும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. கை பழகியவர்களுக்குத்தான் வட்டமாக விழும். தம்பிக்கு நிச்சயம் நடந்த அன்று நான் இதைத்தான் வைத்தேன். எல்லோரும் பணியாரத்தைப் புகழ்ந்தார்கள் என்று மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் ஒருவரைக்கூட நான் முகப்பில் போய்ப் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும்போது நான் அடுப்படியில் நின்றேன், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படும்.

கோலா உருண்டை இதற்கு நேர் எதிர். பெரும்பாலான வேலை முதல் நாளே முடிந்துவிடும். கொத்துக்கறியை மஞ்சளும் உப்பும் போட்டு ஈரம் வற்ற வேகவைத்து ஆறவைக்க வேண்டும். சோம்பு, கசகசா, பட்டை, கிராம்பு, வரமிளகாய், பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம், தேங்காய் எல்லாவற்றையும் வதக்கி, கறியோடு சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைத்து, பொட்டுக்கடலை மாவு கலந்து உருட்டி, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் பொரிப்பது மட்டும்தான் பாக்கி. அகலமான வாணலியில் ஒரே ஈட்டில் 12 போடலாம், உள்ளே ஏற்கனவே வெந்த கறி என்பதால் வெளியே சிவந்தால் போதும், மூன்று நிமிஷம். 75 உருண்டை 20 நிமிஷத்தில் முடியும். தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம், அதுவே ஒரு பெரிய வசதி. ஒரு பல்குச்சி குத்திக் கொடுத்தால் கையும் எண்ணெயாகாது. உருண்டை எண்ணெயில் பிரிந்துபோகும் என்கிற பயம் இருக்கிறவர்கள் முதலில் ஒன்று மட்டும் போட்டுப் பாருங்கள், பிரிந்தால் இன்னும் ஒரு பிடி பொட்டுக்கடலை மாவு கலந்து மறுபடி உருட்டிக்கொள்ளலாம், முட்டையெல்லாம் தேவையில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே எண்ணெயில் போடக் கூடாது என்பது மட்டும் முக்கியம், அரைமணி வெளியே வைத்துக் குளிர்ச்சி போன பிறகுதான் போட வேண்டும்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு ஏன் இதற்கு முதலிடம் தரவில்லை? காரணம் இரண்டு. ஒன்று செலவு. அரைக்கிலோ கறிக்கு எலுமிச்சை அளவில் முப்பது, முப்பத்தைந்து உருண்டைதான் வரும், 75 என்றால் ஒரு கிலோவுக்கு மேல் கறி வேண்டும். சாப்பாட்டிலும் கறிக்குழம்பு, சுக்கா என்று இருக்கும்போது முன்னாலேயே இவ்வளவு கறி தேவையா என்று தோன்றுகிறது. இரண்டாவதுதான் பெரியது. நம் பக்கத்து விசேஷங்களில் பாதி சைவம். வெள்ளிக்கிழமை, கார்த்திகை, சஷ்டி என்று வந்தவர்களில் நான்கு பேராவது அன்று கறி தொடமாட்டார்கள். அவர்களுக்குத் தனியாக ஒன்று செய்தால், ஒரு பலகாரம் இரண்டு பலகாரமாகிவிடுகிறது, கூடவே தட்டும் கரண்டியும் எண்ணெயும் தனி. சேனைக்கிழங்கிலோ வாழைக்காயிலோ கோலா செய்யலாமே என்பார்கள், செய்யலாம்தான், நன்றாகவும் இருக்கும், ஆனால் கிழங்கை வேகவைத்து, மசித்து, மசாலா அரைத்து உருட்டுகிற வேலைக்கு அதைவிடச் சுலபமாக இன்னொன்று இருக்கிறது.

அதுதான் மசாலா சீயம். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் நினைக்கிற, வெல்லப் பூரணம் வைத்த சுசியம் இல்லை இது. எங்கள் சீயம் காரம். பச்சரிசியும் உளுந்தும் ஒன்றுக்கு ஒன்று எடுத்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வடை மாவு பதத்துக்குக் கெட்டியாக அரைக்க வேண்டும். எண்ணெயில் கடுகு, உளுந்து தாளித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய் எல்லாம் ஒரு பிரட்டு பிரட்டி, ஆறியதும் மாவில் கொட்டிக் கலந்தால் தயார். புளிக்க வேண்டியதில்லை, உருட்ட வேண்டியதில்லை, தட்ட வேண்டியதில்லை. கையைத் தண்ணீரில் நனைத்து, நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளிப் போட வேண்டியதுதான். கடிக்கும்போது வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே மெத்து, நடுநடுவே தேங்காய்ப் பல் ஒன்று பல்லில் படும், அதுதான் இதன் ருசியே, தேங்காயைத் துருவிப் போட்டுவிட்டால் அது போச்சு.

கடைசி அரைமணிக் கணக்கில் இது எப்படி என்று பார்ப்போம். காலையிலேயே மாவை அரைத்து, உப்புப் போடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். தாளிப்பும் தனியாகக் காலையிலேயே செய்து ஆறவைத்துவிடலாம். சாயங்காலம் எண்ணெய் காயும்போது உப்பும் தாளிப்பும் சேர்த்துக் கலப்பது இரண்டு நிமிஷ வேலை. 200 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர் அரிசி, இரண்டு டம்ளர் உளுந்துக்கு நான் போடுகிற அளவில் நூற்றுக்குக் குறையாமல் வருகிறது, 25 பேருக்கு ஆளுக்கு நான்கு. ஓர் ஈட்டுக்குப் பதினைந்து போடலாம், நான்கு நிமிஷம், ஆக ஏழு ஈடு, அரைமணிக்குள் முடிந்துவிடும். இந்த அரைமணியும் என்னுடையதாக இருக்க வேண்டியதில்லை, அதுதான் விஷயம். சீயத்தை யார் கிள்ளிப் போட்டாலும் சீயம்தான். கோணல்மாணலாக விழுந்தால் அதுதான் அதன் வடிவம். முதல் ஈட்டை மட்டும் நின்று பார்த்து, எண்ணெய் அதிகம் காய்ந்துவிடாமல் தீயை மிதமாக்கிக் கொடுத்துவிட்டு, பதினேழு வயசு அக்கா மகன் கையில் கரண்டியைக் கொடுத்துப் போயிருக்கிறேன், ஒரு குறையும் வரவில்லை. எண்ணெய் சுள்ளென்று காய்ந்திருந்தால் மட்டும் வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கும், அந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

சைவம், அசைவம் யாரும் எடுக்கலாம். பல் இல்லாத பெரியவர்களுக்கும் கோலாவைவிட இது மெத்து. குழந்தைகளுக்குப் பச்சை மிளகாய் போடாமல் கொஞ்சம் மாவைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம். சூடு ஆறினால் மேல் மொறுமொறுப்பு குறையும், ஆனால் உள்ளே கல்லாகாது, ஒரு மணி நேரம் கழித்து வந்தவருக்கும் கூச்சமில்லாமல் கொடுக்கலாம்.

இதற்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பார்க்க அது வெள்ளைப் பணியாரம் இல்லை. சிவந்த சின்னச் சின்ன உருண்டை, எவர்சில்வர் தாம்பாளத்தில் குவித்து வைத்தால் டீக்கடைப் போண்டா மாதிரித்தான் தெரியும். கூட்டத்துக்கு வைக்கும்போது அழகு வேண்டும் என்கிறவர்கள் இந்த இடத்தில் தயங்குவது நியாயம். இதற்கு நான் கண்ட வழி, அழகைப் பலகாரத்தில் தேடாமல் தட்டில் தேடுவது. நம் வீடுகளில் பழைய எனாமல் தட்டுகள் எங்கேயாவது பரணில் இருக்கும். நீல ஓரம் போட்ட வெள்ளைத் தட்டு, பூப்போட்ட தட்டு, எதுவானாலும் சரி. இல்லாதவர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. வாழையிலையை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டித் தட்டில் பரப்பி, ஒவ்வோர் இலைத் துண்டிலும் துவையல் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் சீயத்தை அழுத்தி நிறுத்துங்கள். தட்டுக்குப் பன்னிரண்டு, நெருக்காமல். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண், அங்கே அந்தத் தட்டு வந்து நிற்கும்போது ஹோட்டல்காரர் கொண்டுவருகிற எந்தக் கண்ணாடிப் பாத்திரமும் அதற்கு ஈடில்லை. குவிக்காமல் எண்ணி வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, யாரும் எட்டு ஒன்பது எடுத்து வயிற்றை நிரப்பிக்கொள்ள மாட்டார்கள், சாப்பாட்டுக்குப் பசி மிச்சமிருக்கும்.

துவையல்தான் பாதி ருசி, அதையும் சொல்லிவிடுகிறேன். சட்னியாக நீர்க்க அரைத்தால் கிண்ணம் வேண்டும், கிண்ணம் வந்தால் சிந்தும். ஆகவே கெட்டித் துவையல். 10 வரமிளகாய், 15 சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, ஒரு தக்காளி, கோலி அளவு புளி, எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் ஈரம் வற்ற வதக்கி, ஆறியதும் உப்புச் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைத்து, கடுகும் உளுந்தும் தாளித்துக் கொட்டுங்கள். தேங்காய் சேர்க்காததால் ஊசிப்போகாது, முதல் நாள் ராத்திரியே அரைத்துவிடலாம், மறுநாள் காரம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து இன்னும் நன்றாகவே இருக்கும்.

பக்கத்தில் இனிப்பாக ஒன்று வேண்டும் என்றால் கும்மாயம். வறுத்து அரைத்த உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி மாவை மத்தியானமே கருப்பட்டிப் பாகில் நெய் விட்டுக் கிண்டி இறக்கிவிட்டால், சாயங்காலம் சின்னக் கரண்டியால் எடுத்து இலைத் துண்டில் வைப்பது மட்டும்தான் வேலை, அடுப்பே வேண்டாம். ஆடி மாசத்துக்கு மட்டும் என்று அதை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

கேட்டரிங் சொல்லிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்பவர்களுக்காக ஒன்று. 60, 70 பேருக்கு மேல் என்றால் சொல்லிவிடுவதுதான் சரி, நானும் சொல்லியிருக்கிறேன். முன்பு ஒரு தடவை ஆறு மணிக்கு வர வேண்டிய ஸ்டார்ட்டர், பந்தி உட்கார்ந்த பிறகு வந்து சேர்ந்தது. 25 பேருக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

வெள்ளைப் பணியாரத்தை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. ஆறு பேர், ஏழு பேர் வருகிற நாள், அதுவும் அடுப்படி வரைக்கும் வந்து திண்டில் ஏறி உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு நெருக்கமானவர்கள் என்றால், அன்று அதைத்தான் செய்யுங்கள். ஒவ்வொன்றாகச் சுட்டு ஒவ்வொருவர் தட்டில் போடுவதற்கு அந்தப் பலகாரம் பொருத்தமானது, பேச்சும் நிற்காது. புது எண்ணெய், அகலம் குறைந்த குழிவான சட்டி, மாவை ஊற்றியதும் கரண்டியால் எண்ணெயை அள்ளி மேலே விடாமல் பொறுத்திருந்தால் அதுவாகவே எழும்பி வரும்.